படையலில் ஓர் எல்டர்பெரிப் பை

ஓகஸ்ட் 26, சனி

நாட்காட்டி பார்த்தாயிற்று. புரட்டாதி வளர்பிறைச் சதுர்த்தசி இந்த வருடம் செப்ரெம்பர் 28, வியாழக்கிழமை வருகிறது. கௌரி இறந்தது போன வருடம் ஒக்ரோபர் எட்டாம் தேதி. ஆனால் திவசத்துக்குத் திதிதான் கணக்கு, ஆங்கிலத் தேதி இல்லை. கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்துக் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். வேலைக்கும் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆரணிக்குச் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. பெற்ற தாயின் முதலாண்டுத் திவசம் என்றைக்கு என்று ஒரு மகளுக்குத் தகப்பன் கடிதம் போட்டுத்தான் தெரியவேண்டுமா? லீட்ஸிலிருந்து இங்கே மூன்று மணி நேரக் கார் ஓட்டம். கடைசியாக அவள் பேசியது பெப்ரவரியில். பேசியதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்.

"திவசத்துக்கு அம்மாவுக்கு விருப்பமானதைப் படைக்கவேணும், உங்களுக்கு விருப்பமானதையில்லை. ஜேனட்டின்ரை எல்டர்பெரிப் பை இலையிலை இருக்கோணும். இல்லாட்டி நான் அந்த வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டன்."

மாவுக்குள் பழத்தை மூடிச் சுடுகிற ஆங்கிலப் பலகாரம் திவச இலையிலா? நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவளும் பிறகு எடுக்கவில்லை.

செப்ரெம்பர் 2, சனி

படையலுக்கு என்னென்ன சமைப்பது என்று எழுத உட்கார்ந்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி. உளுந்து வடை. வாழைக்காய்ப் பொரியல். முருங்கைக்காய்க் குழம்பு, அதில் பலாக்கொட்டை. பாற்பாயசம், முந்திரிக் கஜு கூடப் போட்டு. எல்லாம் கௌரி நன்றாகச் செய்கிறவை.

எழுதி முடித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. இவை அவள் செய்தவை, நான் சாப்பிட்டவை. அவள் எதை விரும்பிச் சாப்பிட்டாள்? நான் சாப்பிட்டு எழும்பி செய்தி பார்க்கப் போன பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். முப்பத்தொரு வருடம் அப்படித்தான் நடந்தது. அது எங்கள் வீட்டு வழக்கம். நான் கேட்டு நடந்ததில்லை.

ஜேனட் என்பவள் கௌரி வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறையின் தலைமைச் சமையற்காரி. பதினேழு வருடம் இருவரும் ஒரே மேசையில் காய்கறி வெட்டினார்கள். ஒவ்வொரு செப்ரெம்பரிலும் ஒரு சனிக்கிழமை முழுவதும் கௌரி அவள் வீட்டில்தான் இருப்பாள். போன வருடம் மரணச்சடங்கு மண்டபத்துக்கு அந்தப் பெண் ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். உள்ளே எல்டர்பெரிப் பை. சவப்பெட்டிக்குள் கௌரியின் கைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வைக்கலாமா என்று கேட்டாள். இது எங்கள் முறையில் இல்லை, வெளியே கொண்டுபோய் வையுங்கள் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். இருநூறு பேர் நிற்கிற இடத்தில் வேறு எப்படிச் சொல்வது? ஆரணி பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்ததும் லீட்ஸுக்குப் போனவள்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்தவன். நிரந்தரமாகவேண்டிய என் பதவியை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. பெயர் மறக்கவில்லை. இந்த நாட்டில் பத்தொன்பது வருடமாக மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். ஒரு பழத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

செப்ரெம்பர் 3, ஞாயிறு

கால்வாய்க் கரையில் நடந்தேன். எல்டர்பெரி, தாவரவியலில் சாம்புகஸ் நைக்ரா, மூன்று மரங்கள். கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்குகிறது.

செப்ரெம்பர் 9, சனி

செய்து பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. படைத்தால் ஆரணிக்கு வராமலிருக்க இனிக் காரணம் இருக்காது. அதற்காகத்தான்.

இணையத்தில் ஒரு செய்முறை பார்த்தேன். பழத்தைக் காம்பிலிருந்து பிரிக்கவே ஒன்றரை மணி நேரம். ஒவ்வொன்றும் மிளகை விடக் கொஞ்சம் பெரிது, தொட்டால் நசிகிறது. விரலெல்லாம் ஊதா. பச்சைப் பழமும் காம்பும் சேரக்கூடாது, அது வயிற்றுக்கு ஆகாது. மாவைப் பிசைந்தேன், றொட்டிக்குப் பிசைகிற மாதிரி நன்றாக அழுத்தி. உருட்டித் தட்டில் பரப்பிப் பழத்தையும் சீனியையும் கொட்டி மேலே மூடி ஓவனில் வைத்தேன்.

வெளியே எடுத்தபோது மேல்பக்கம் ஓடு. கத்தி இறங்கவில்லை. கீழ்ப்பக்கம் கஞ்சி. சாறு பொங்கி ஓவனின் அடியில் வழிந்து கருகி, புகை எச்சரிக்கை மணி அடித்தது. முழுவதையும் குப்பையில் போட்டேன். ஓவனைத் தேய்க்க மாலையாயிற்று.

செப்ரெம்பர் 10, ஞாயிறு

ஜேனட் வீட்டுக்குப் போனேன். முகவரி கௌரியின் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. எட்டு நிமிட நடை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் அந்தத் தெருவில் நான் திரும்பியதில்லை.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டுக் கதவுப் பிடியை விடாமல் நின்றாள். அறுபது வயதிருக்கும், கட்டைத் தலைமயிர், மாப் படிந்த கை. எனக்கு எல்டர்பெரிப் பை செய்யத் தெரியவேண்டும், திவசத்துக்குப் படைக்க, என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றாக ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியம்.

"போன முறை நான் கொண்டுவந்ததை மழையில் வைக்கச் சொன்னீர்கள்" என்றாள்.

"வாசலில் வைக்கச் சொன்னேன். மழை தற்செயல்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கதவை விட்டு விலகி நின்றாள்.

அவள் சமையலறை மேசையில் நான் எழுதிக்கொண்டேன். மா இரண்டு பங்கு, பட்டர் ஒரு பங்கு. பட்டர் பிரிட்ஜில் இருந்து நேராக வரவேண்டும். விரல் நுனியால் மட்டும் உதிர்க்கவேண்டும், பிசையக்கூடாது. "உங்கள் கை சூடு. குளிர்ந்த தண்ணீரில் நனைத்துவிட்டுச் செய்யுங்கள். கௌரிக்கும் அதே பிரச்சினைதான்." பழத்தைக் காம்பிலிருந்து முள்ளுக்கரண்டியால் சீவவேண்டும். பாதிக்குப் பாதி அப்பிள். சாறு இறுக ஒரு கரண்டி சோளமா. மேலே பூச முட்டை இல்லை, பால்.

ஒன்றைக் கேட்கத்தான் உண்மையில் போனேன். ஆங்கிலேயர் பழைய வீடுகளில் இந்த மாவுக்குப் பன்றிக்கொழுப்புப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடாத, கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு இருக்கிற கௌரி, அங்கே போய் எதைச் சாப்பிட்டாள் என்று தெரியவேண்டியிருந்தது. கேட்டேன்.

"என் அம்மா அப்படித்தான் செய்வார். நானும்தான். முதல் வருடம் கௌரி மாவைத் தொடவில்லை, உள்ளே இருந்த பழத்தை மட்டும் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டாள். ஏன் என்று சொல்லவும் மாட்டாள், எனக்கு மனம் நோகும் என்று. மூன்றாம் முறை கேட்டபோதுதான் சொன்னாள். அடுத்த வருடத்திலிருந்து பட்டர். என் பிள்ளைகளுக்குப் பட்டர் பிடிக்கவில்லை. பழகிக்கொண்டார்கள்."

பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்: "உங்கள் வீட்டு ஓவன் சரியாகிவிட்டதா?"

"எங்கள் ஓவனுக்கு என்ன?"

"பழுது என்பாளே. ஒவ்வொரு வருடமும் கேட்பேன், இந்த முறை உன் வீட்டில் செய்வோமா என்று. ஓவன் பழுது என்பாள்."

இன்னும் திருத்தவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் ஓவன் ஒருநாளும் பழுதானதில்லை.

செப்ரெம்பர் 16, சனி

இரண்டாம் முயற்சி. மேல்மா உதிர்கிறது, அது நல்லது. அடிமா இன்னும் ஈரம். சோளமா போதவில்லை. வேர்க்கொம்பு, அதாவது சுக்குத் தூள் ஒரு சிட்டிகை போட்டேன். கௌரி அப்படிப் போடுவாள் என்று ஜேனட் சொல்லியிருந்தாள். நான் சாப்பிட்டுப் பார்க்கவில்லை. சாப்பிடாமலே மணத்தில் தெரிகிறது.

ஓவன் பற்றி எழுதிவிடுகிறேன்.

இந்த ஊருக்கு வந்த இரண்டாம் வருடம் கௌரி கால்வாய்க் கரையில் ஒரு கிண்ணம் நிறையப் பழம் பறித்துக்கொண்டு வந்தாள். ஆரணிக்குப் பத்து வயது. இருவரும் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆரணி ஒன்றை வாயில் போடப்போனாள். நான் கிண்ணத்தைப் பறித்துக் குப்பையில் கொட்டினேன். பிறகு விளக்கினேன். பச்சையாகத் தின்றால் என்ன ஆகும், அந்த விதையிலும் காம்பிலும் இருப்பது வயிற்றுக்குள் போய் என்னவாக மாறும் என்று. வேதியியல் பெயரோடு சொன்னேன். பிள்ளைக்கு விளங்கவேண்டும் என்று இலகுவான சொல்லிலும் சொன்னேன். சயனைட்.

காய்ச்சினால் அது அழிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அதை அன்று சொல்லவில்லை. சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை.

கௌரியின் தம்பி எப்படிப் போனான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பத்தொன்பது வயது. இயக்கத்தில் இருந்து, கழுத்தில் கிடந்த குப்பியைக் கடித்துப் போனவன். அந்தச் சொல்லை அவள் முன்னால் அயலவர்கூட உச்சரிக்கமாட்டார்கள்.

அன்று கௌரி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அதனால் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்று நினைத்தேன்.

செப்ரெம்பர் 17, ஞாயிறு

மழை. எங்கும் போகவில்லை.

செப்ரெம்பர் 27, புதன்

கடைசிப் பறிப்பு. தாழ்ந்த கிளைகளில் ஒன்றுமில்லை, குடைக் கம்பியால் மேல்கிளையை இழுத்துத்தான் பறித்தேன். நாயோடு வந்த ஒருவன் நின்று பார்த்தான். மீதியை மைனா மாதிரியான கறுப்புக் குருவிகள் கூட்டமாக வந்து தின்கின்றன. இன்னும் இரண்டு நாளில் மரத்தில் ஒன்றுமிருக்காது.

அடிமாவை முதலில் தனியாகப் பத்து நிமிடம் வேகவைத்தேன். பிறகு பழம், அப்பிள், சீனி, இரண்டு கரண்டி சோளமா, வேர்க்கொம்பு. மேல்மாவில் நீராவி போக நாலு கீறல். நாற்பத்தைந்து நிமிடம். பொன்னிறம். கீறல் வழியாக ஊதாச் சாறு எட்டிப் பார்த்து அப்படியே இறுகி நின்றது. ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை சரியாக வந்தால் வருகிற திருப்தி.

ஆரணி நாளைக் காலை புறப்பட்டால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். அவளுடைய அறையைத் தூசி தட்டினேன். அது எப்படியும் செய்யவேண்டிய வேலை.

செப்ரெம்பர் 28, வியாழன்

ஐயர் பதினொன்றுக்கு வந்தார். கௌரியின் படத்துக்கு மாலை. வாழையிலை விரித்துச் சோறு, கறிகள், வடை, பாயசம் எல்லாம் வைத்து, வலது மூலையில் எல்டர்பெரிப் பை ஒரு துண்டு வைத்தேன். ஐயர் குனிந்து பார்த்தார்.

"இதென்ன, கேக்கோ? முட்டை கிட்டை போட்டதோ?"

"முட்டை இல்லை ஐயா. பட்டர், மா, பழம்."

"நீங்கள் வாங்கினதோ?"

"செய்தது."

"ஆர் செய்தது?"

"நான்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கோயில் நிர்வாகசபையில் நான் அவரோடு இரண்டு வருடம் வழக்காடியவன். "அப்ப வையுங்கோ. அம்மாவுக்கு விருப்பமெண்டால் இருக்கத்தானே வேணும்" என்றார்.

மந்திரம் சொல்லும்போது தெருவில் கார்ச் சத்தம் கேட்டது. மூன்று முறை. மூன்றும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போயின.

ஐயர் போன பிறகு இரண்டு மணி வரை இலையை எடுக்கவில்லை. பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தத் துண்டையும் சாப்பிட்டேன். நாவற்பழத்தின் துவர்ப்பு, பின்னால் ஏதோ இரும்பு மாதிரி ஒன்று, கடைசியில் வேர்க்கொம்பின் காரம். சீனி குறைவு. நன்றாக இருந்தது.

எழுதி வைக்கிறேன், பின்னொரு நாள் யாரும் மறுக்கக்கூடாது. ஆரணி கேட்டது இலையில் இருந்தது. அவள் வரவில்லை.

செப்ரெம்பர் 30, சனி

மிச்சத்தை ஜேனட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டாள்.

"அடிமா வெந்திருக்கிறது" என்றாள். பிறகு, "ஆரணி என்ன சொன்னாள்?"

அவளுக்கு நேரமில்லை போலிருக்கிறது என்றேன்.

ஒக்ரோபர் 7, சனி

காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி. ஆரணி.

"அப்பா நாளைக்குப் பத்து மணிக்கு வாறன். ஐயர் எத்தினை மணிக்கு? நான் ஏதும் வாங்கிக்கொண்டு வரோணுமோ?"

நாளைக்கு எட்டாம் தேதி.

முதலில் கோபம்தான் வந்தது. பதில் எழுதினேன். திதி என்றால் என்ன, புரட்டாதி வளர்பிறைச் சதுர்த்தசி எப்போது முடிந்தது, தாயின் திவசத்துக்குத் தேதி கேட்க ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் போதாதா. நீளமான பதில். ஒரு பிழையில்லை. முடிவில் இதையும் சேர்த்தேன்: நீ கேட்டதை நானே என் கையால் செய்து படைத்தேன், ஐயரைக் கேள், ஜேனட்டைக் கேள்.

அனுப்பவில்லை. தேத்தண்ணீர் வைத்தேன்.

அவளுக்கு அம்மா செத்தது ஒக்ரோபர் எட்டு. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்றவள் அவள்தான். நான் வேலையிலிருந்து வந்து சேர முடிந்துவிட்டது. அவள் அந்த நாளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். திதி பார்க்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கௌரி சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். நானும் வீட்டில்தான் இருந்தேன்.

இந்தச் செய்தியை அனுப்பினால் நான் சொல்வது சரியாக இருக்கும். அவள் வரமாட்டாள். அம்மாவின் திவசத்தை அவளை விட்டுவிட்டு நான் செய்து முடித்துவிட்டேன் என்றுதான் அவள் வாசிப்பாள். மரணச்சடங்கில் அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்தபடி நின்ற முகம் எனக்குத் தெரியும். நாளைக்கு வராவிட்டால் பிறகு வரப்போவதில்லை.

ஐயருக்கு எடுத்தேன். இரண்டாம் முறை படைக்கலாமா என்று கேட்டேன்.

"திவசம் ஒருக்காத்தான்" என்றார். பிறகு, "சோறு எத்தினை தரமும் வைக்கலாம். பிள்ளை வருகுதோ?"

"ஓம்."

"அப்ப வையுங்கோவன்."

பத்தரைக்குக் கால்வாய்க் கரைக்குப் போனேன். மூன்று மரங்களிலும் வெறும் சிவப்புக் காம்புகள். கீழே பாதையெல்லாம் குருவி எச்சம், ஊதா நிறத்தில். ஒரு கொத்துக்கூட இல்லை. இந்த நகரத்துக் கடைகள் எதிலும் இந்தப் பழம் விற்பதில்லை.

ஆக, நாளைக்கு இலையில் அவள் கேட்டது இருக்காது. என்னுடைய கத்தரிக்காயும் வடையும் பாயசமும்தான் இருக்கும். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ அதுவேதான் இருக்கும். நான் செய்தேன் என்று சொன்னால், எப்போது என்று கேட்பாள்.

ஜேனட்டுக்கு எடுத்தேன். நான் செய்ததைப் பற்றி ஆரணியிடம் ஒருபோதும் சொல்லக்கூடாது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"உங்களை அறிந்த இத்தனை வருடத்தில் நீங்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதை மறைக்கச் சொல்கிறீர்களா?"

"ஆம்."

"சரி" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஆரணிக்குப் பதில் அனுப்பினேன்: "ஐயர் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும்தான். ஒண்டும் வாங்கவேண்டாம். வா."

படத்திலிருந்த காய்ந்த மாலையை எடுத்தேன். பேக்கிங் தட்டையும், பட்டர்க் கறை பட்ட செய்முறைத் தாளையும் கராஜில் பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் வைத்தேன். உளுந்து ஊறப்போட்டேன்.

ஒக்ரோபர் 8, ஞாயிறு

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். மெலிந்திருக்கிறாள். மடியில் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி ஒரு தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"நீங்கள் செய்திருக்கமாட்டியள் எண்டு தெரியும்" என்றாள். வணக்கமோ சுகமோ இல்லை, அதுதான் முதற்பேச்சு. "அதாலை நானே செய்துகொண்டு வந்தனான். இதை வைக்கேலாது எண்டு சொன்னியளெண்டால் இப்பவே திரும்பிப் போறன், காரும் சூடாத்தான் இருக்கு."

எனக்கு வாய் வரை வந்தது. பத்து நாளைக்கு முன் இதே வீட்டில், பொன்னிறமாக.

"ஓம், நான் செய்யேல்லை" என்றேன். "கொண்டுவா, வைப்பம்."

அவள் அதற்கு ஆயத்தமாக வரவில்லை. சண்டைக்கு ஆயத்தமாக வந்தவள் வாசலிலேயே நின்றாள். பிறகு சப்பாத்தைக் கழற்றினாள்.

"ஐயர் ஏன் வரேல்லை?"

"அவருக்கு வேறை அலுவல்."

"எல்லாத்தையும் முறையாச் செய்யோணும் எண்டு நிக்கிற ஆளெல்லோ நீங்கள்."

"சோறு வைக்க ஐயர் தேவையில்லை."

இருவரும் சேர்ந்து இலை போட்டோம். அவள் பெட்டியைத் திறந்தாள். ஓரம் ஒரு பக்கம் கருகி, நடு தாழ்ந்து, சாறு மேலே வழிந்து காய்ந்திருந்தது. பழம் லீட்ஸில் ஆற்றங்கரையில் பறித்ததாம், இரண்டு கிழமை முன்னமே பறித்து உறைய வைத்தாளாம். "ஜேனட்டைக் கேட்டிருக்கலாம், கேக்க வெக்கமாக் கிடந்தது, சடங்கிலை நாங்கள் செய்ததுக்குப் பிறகு" என்றாள். நாங்கள் என்றுதான் சொன்னாள்.

கற்பூரம் காட்டினேன். அவள் படத்தின் முன் கனநேரம் நின்றாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன், தேவையில்லாமல்.

சாப்பிடும்போது எனக்கு ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"தின்னுவியளோ? நஞ்செண்டெல்லோ சொல்லுவியள்."

"காய்ச்சினால் அது போயிடும்."

"அப்ப அண்டைக்கு ஏன் அதைச் சொல்லேல்லை?"

பதினேழு வருடம் கழித்து ஒரு கேள்வி. உலகத்தில் எனக்குத் தெரிந்த எல்லாப் பதிலும் அந்த நேரம் சரியாக இருந்திருக்கும்.

"சொல்லியிருக்கோணும்" என்றேன். "உன்ரை கொம்மாவுக்கு முன்னாலை அந்தச் சொல்லையும் சொல்லியிருக்கக்கூடாது."

அவள் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். நான் சாப்பிட்டேன். அடிமா வேகவில்லை. கையால் அழுத்திப் பிசைந்திருக்கிறாள், அவள் கையும் சூடு போல. சோளமா போடவில்லை, அதனால் சாறு ஓடுகிறது. வேர்க்கொம்பு இல்லை. ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது, ஒவ்வொன்றுக்கும் தீர்வும் தெரிந்தது.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"பொய்."

"கொஞ்சம் சாறு கூட. நல்லாத்தான் இருக்கு."

அவள் சிரித்தாள். இன்னொரு துண்டு வெட்டி, கேட்காமலே என் தட்டில் வைத்தாள். நான் எழும்பவில்லை. செய்தி தொடங்குகிற நேரம். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே இருந்தேன். பாயசத்தை இரண்டாம் முறை போட்டுக்கொள்கிறாள், கஜுவைப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறாள். அவளுக்குக் கஜு பிடிக்காது என்பது எனக்குத் தெரியாது.

நாலு மணிக்குப் புறப்பட்டாள். மிச்சத்தை ஜேனட் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகப்போவதாகச் சொன்னாள். கார்க் கதவைத் திறந்தபடி தொலைபேசியில் ஏதோ பார்த்தாள்.

"அடுத்த வருஷம் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை வருது. இப்பவே லீவு போடுறன். எட்டுத்தானே அப்பா?"

அடுத்த வருடத் திதி எப்போது என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன்.

"ஓம்" என்றேன். "எட்டுத்தான்."